டீ வண்டி ஏறிய மேடை

அரங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் தமிழ் படிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டேன். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் என் பழைய மேலதிகாரிகளும் படித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் இதில் கொஞ்சம் இருக்கின்றன.

டிக்கெட் ஸ்கேன் செய்வது, தீப்பிடித்தால் எந்தக் கதவு, முதலுதவிப் பெட்டி எங்கே, இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பயிற்சியில் வராததை மட்டும் சொல்கிறேன். மெல்பர்ன் நகரத்து நடுவில் இருக்கும் அந்த ஓபரா அரங்கில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் ஹவுஸ் மேனேஜர். மேடைக்கு இந்தப் பக்கம் நடப்பதற்கெல்லாம் பொறுப்பு: கதவு, இருக்கை, கழிப்பறை வரிசை, மயங்கி விழுபவர், பக்கத்து இருக்கைக்காரரோடு சண்டை பிடிப்பவர். மேடைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் ஒரு ஓபராவைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் பிடரிகள். ஆயிரக்கணக்கான பிடரிகள். ஒரு காட்சி எப்படிப் போகிறது என்று கேட்டால் இருமல் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். மனசு ஒட்டாதவர்கள்தான் அதிகம் இருமுவார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் அந்த ஓபரா வந்தது. பெயர் வேண்டாம். பழைய இத்தாலியச் சரக்கு. அரண்மனை, காதல், துரோகம், கடைசியில் நாயகி இறந்துபோவாள். பாதி ஓபராக்களில் நாயகி இறந்துதான் போகிறாள், அதனால் எது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் சந்தாதாரர்கள் அதை ஏழெட்டு முறை பார்த்தவர்கள். எந்த இடத்தில் சரவிளக்கு இறங்கும், எந்தப் பாட்டுக்கு எந்த கவுன் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அந்தமுறை வந்த இயக்குநர் இங்க்ரிட் என்ற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் கறுப்பு உடை, சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அவர் அரண்மனையைத் தூக்கிவிட்டு, மேடையில் ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பாட்டில் ஒரு சொல் மாறவில்லை, இசையும் அதேதான். ஆனால் நாயகிக்கு எண்பத்திரண்டு வயது. தனக்கு இருபது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். காதலன் நடக்கப் பிடித்துக்கொள்ளும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிறான். அரசவை முழுக்க நீல யூனிஃபார்ம் போட்ட பராமரிப்பு ஊழியர்கள்.

ஒத்திகைக்கு வந்து பாருங்கள் என்று எனக்கு மூன்று மின்னஞ்சல் வந்தது. செட் கொஞ்சம் மாறியிருக்கும், அதைப் போய்ப் பார்க்க வேண்டுமா என்று மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் காட்சி ஒரு சனிக்கிழமை மதியம். விளக்கு அணைந்து இசை தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்கதவைத் திறந்துகொண்டு மலை மாதிரி ஒரு ஆள், நீல யூனிஃபார்மில், டீ வண்டியைத் தள்ளியபடி பார்வையாளர் நடுவே இருக்கும் பாதையில் இறங்கினார். கப்பும் சாஸரும் கிணுகிணுவென்று சத்தம் போட்டன. எங்கள் காபிக் கடைக்குப் புது ஆள் வந்திருக்கிறார், வழி தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றேன்.

"சாமானெல்லாம் பின்சந்து வழியாத்தான் கொண்டுவரணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். (பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. நான் தமிழாக்கித் தருகிறேன்.)

"மேடம், நான் பாடணும்" என்றார்.

"பாட்டெல்லாம் அப்புறம். அடையாள அட்டை எங்கே?"

"மேடம், நான் பாட்டைத் தொடங்க இன்னும் எட்டுத் தாள எண்ணிக்கைதான் இருக்கு."

எட்டும் முடிந்தது. அவர் என் முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில், வாயைத் திறந்தார். மைக் இல்லாமல் அவ்வளவு பெரிய கூடத்தை நிரப்பப் பழகிய குரல். என் மூக்குக்கண்ணாடி அதிர்ந்தது. பாடிக்கொண்டே ஒரு கையால் என்னைப் பூந்தொட்டியை நகர்த்துவது போல ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடையேறினார். நான் யாரோ ஒருவருடைய மடியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஒரு வலைப்பதிவர் எழுதினார்: தொடக்கத்தில் ஊழியரைத் தடுத்து நிறுத்தும் கறாரான மேற்பார்வையாளராக வந்த நடிகையின் நடிப்பு மிக இயல்பு. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த முதல் வாரத்தில் நான் பார்த்த பிடரிகள் எதுவும் சும்மா இருக்கவில்லை. சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள், சிலர் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். ஒரு பெண்மணி இடைவேளையில் என்னிடம் வந்து, "கவுனெல்லாம் இரண்டாம் பாதியில் வருமா?" என்று நம்பிக்கையோடு கேட்டார். கழிப்பறை வரிசையில் இரண்டு பேர் கலை என்றால் என்ன என்று வாக்குவாதம் செய்ததில் வரிசை நகரவே இல்லை. ஐம்பது வயது மகன் ஒருவர், "அம்மா, நீ இதைப் பார்க்க வேண்டாம், வா போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா, "எனக்குப் பிடிச்சிருக்கு. நீ வேணும்னா காருல போய் உட்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டக்ளஸ் என்று ஒரு சந்தாதாரர். ஓய்வுபெற்ற பல் டாக்டர், எண்பதை நெருங்கியவர். ஒவ்வொரு ஓபராவுக்கும் புதன்கிழமை மதியக் காட்சிகள் எல்லாவற்றுக்கும் வருவார், எப்போதும் அதே இருக்கை. அதே ஓபராவை மூன்று புதன் பார்ப்பதில் அவருக்குச் சலிப்பே வராது. இதில் முதல் புதன்கிழமை இடைவேளையில், கவுன்ட்டரில் கொடுத்துவைத்த தன் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டாவது புதன் என்னிடம் நேராக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"வசந்தி, எத்தனை வருஷமா என்னைத் தெரியும் உங்களுக்கு? உண்மையைச் சொல்லுங்க. இதெல்லாம் ஓபராவா?"

எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பாரில் வைன் கிளாஸ் ஒன்று உடைந்திருந்தது. மாடியில் யாருக்கோ தலைசுற்றல் என்று வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் போதும் என்றிருந்தது. அவர் கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கும் பிடிக்கலை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. திரும்பினார். முன்கூடத்தின் நடுவே போய் நின்று, இத்தனை வருடம் நோயாளிகளின் வாயைத் திறக்கச் சொன்ன அதே குரலில் அறிவித்தார்: "நண்பர்களே! இந்த அரங்கத்தின் மேனேஜரே சொல்றாங்க, அவங்களுக்கும் பிடிக்கலையாம்!"

கோட்டுகள் வைத்திருக்கும் கவுன்ட்டர் முன்னால் முப்பது நாற்பது பேர் திரண்டார்கள். உள்ளே இரண்டாம் பாதி தொடங்கியபோது நடு வரிசைகளில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளிகள். ஒரு பல் டாக்டர் செய்த வேலை அப்படித்தான் இருக்கும்.

இரண்டு நாளில் ஒரு நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அது வந்துவிட்டது. "அங்கே வேலை செய்பவர்களுக்கே சகிக்கவில்லை." பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அறைக்குள் போனால் இங்க்ரிட்டும் உட்கார்ந்திருந்தார். என் வேலை அன்றைக்கே போயிருக்கலாம். பொது மேலாளரின் மேசையில் நடத்தைவிதிப் புத்தகம் சரியான பக்கத்தில் திறந்து கிடந்தது. அந்தப் பக்கத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

இங்க்ரிட் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். "எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கலை?"

"இரண்டாம் பாதி" என்றேன்.

"இரண்டாம் பாதியில எது?"

நான் என்ன செய்வேன். பழைய தயாரிப்புகளில் பெரிய மாடிப்படி ஒன்று இருக்கும், நாயகி அதிலிருந்து இறங்கி வருவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "அந்த மாடிப்படிக் காட்சி. ரொம்ப நீளமா இருந்தது."

பொது மேலாளர் மெல்ல இங்க்ரிட் பக்கம் திரும்பினார்.

"இதுல மாடிப்படியே கிடையாது" என்றார் இங்க்ரிட். "எல்லாரும் வாக்கர்ல வர்றாங்க."

நான் என் காலணியைப் பார்த்தேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பொது மேலாளர் யோசித்தபோது, இங்க்ரிட்தான் குறுக்கிட்டார். "தண்டனை வேண்டாம். அடுத்த புதன்கிழமை மதியம் யூனிஃபார்ம் இல்லாம வந்து, முதல்லேருந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் வந்து பிடிக்கலைன்னு சொல்லட்டும். கேட்டுக்கறேன்."

அப்படியாக, அறுபத்து மூன்று வயதில், முதல்முறையாக நான் ஓபரா பார்க்கப் போனேன். காலியாக இருந்தது ஒரே இருக்கை என்று டிக்கெட் கவுன்ட்டர் பையன் கொடுத்தான். போய்ப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் டக்ளஸ்.

"நீங்களும் எதிர்ப்புத் தெரிவிக்க வந்திருக்கீங்களா?" என்று ஆவலோடு கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். இடைவேளை வந்ததும், சேர்ந்து வெளியேறலாம் என்று அவர் எழுந்து நின்று எனக்காகக் காத்திருந்தார். நான் எழவில்லை, எழ எனக்கு உரிமை இல்லை. பெண்மணி உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் ஓடிப்போவது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பாதியை அவர் பார்ப்பதும் அதுதான் முதல் தடவை.

கடைசிக் காட்சி. மதிய நேரம். நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு மெதுவாகத் தேய்ந்து நிற்கிறது. இறந்துவிட்டாள் என்பது நமக்குத் தெரியும். மேடையில் யாருக்கும் தெரியாது. அப்போது, என் முகத்துக்கு நேரே பாடினாரே, அதே மலை மாதிரி ஆள் டீ வண்டியோடு வருகிறார். அவள் பக்கத்தில் கப்பை வைக்கிறார். குனிந்து ஏதோ சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார். ஒரு சுற்று முடிந்து திரும்பி வருகிறார். கப் நிறைய டீ அப்படியே இருக்கிறது. ச்சு என்று செல்லமாகச் சலித்துக்கொண்டு, ஆறிப்போன டீயை எடுத்துவிட்டுச் சூடாக வேறொன்று வைக்கிறார்.

நான் ஆஸ்திரேலியா வந்த முதல் இரண்டு வருடம், என் கணவருக்கு வேலை கிடைக்காத காலத்தில், புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் டீ கொடுக்கும் வேலை பார்த்தேன். அதை இந்த அரங்கில் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே ஒரு அம்மா. மதியம் மூன்று மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். அவருக்கு இடது கைதான் நன்றாக வரும், அதனால் கப்பின் காதை இடது பக்கமாகத் திருப்பி வைப்பேன். ஒரு நாள் வைத்துவிட்டு, "ஆறிடப் போகுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் குடிக்கவில்லை. "என்ன இன்னைக்கு அடம்?" என்று கேட்டபடி அதைக் கொட்டிவிட்டுப் புது டீ கொண்டுவந்து, காதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் தெரிந்தது. இல்லத்து நர்ஸ், "இது உன் தப்பில்லை, இப்படி நடக்கறதுதான்" என்றார். நான் இரண்டு தடவை டீ வைத்ததை அவரிடம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

மேடையில் அந்தச் சூடான டீயிலிருந்து ஆவி எழும்பியது. நிஜ டீ. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். பத்துப் பன்னிரண்டு முழங்கால்களை இடித்துக்கொண்டு, கைப்பையால் ஒருவர் தலையில் தட்டி, நடுப்பாதையில் ஓடி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு பட்டென்று அடித்துக்கொண்டது. கதவை அடிக்க விடக்கூடாது என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

வெளியே தவராசா அண்ணன் கடமையில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கிரான்பர்ன் புறநகரில் இருந்து ரயிலில் வருபவர். எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றபின், பொழுதுபோகவில்லை என்று எங்களிடம் இருக்கை காட்டும் அஷராகச் சேர்ந்தவர். என்னைப் பார்த்ததும் அவர் திகைத்ததை நான் கவனித்தேன். ஆனால் உடனே நிமிர்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பாதியில் வெளியே வருபவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு எல்லோருக்கும் கொடுத்த அட்டை.

"இருங்கோ தங்கச்சி. தண்ணி கொண்டுவரட்டே?" என்றார்.

"அண்ணன், நான் வசந்தி."

"ஓம், தெரியுது. தண்ணி குடுக்கச் சொல்லிப் போட்டிருக்கு." கொண்டுவந்து கொடுத்தார். "ஏன் வெளியில வந்தனீங்கள் எண்டு கேக்கக் கூடாது எண்டும் போட்டிருக்கு. அதாலை நான் கேக்கேல்லை."

"அண்ணன், நான் திரும்பி உள்ளே போகணும். முழுசாப் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. என் வேலையே அதுலதான் இருக்கு."

அவர் அட்டையை மறுபுறம் திருப்பிப் படித்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "கடைசிக் காட்சியில ஒருத்தரையும் திரும்ப உள்ளுக்கு விட ஏலாதாம். நீங்கள் எழுதினதுதான்."

அப்போது கதவு மறுபடி திறந்தது. டக்ளஸ் வந்தார். நேராக என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அற்புதம்! கதவை அடிச்சீங்க பாருங்க, அது போதும். நேர்மையான பெண்மணி நீங்க!"

அப்படியே விட்டிருக்கலாம். போன தடவை அவருக்குப் பிடித்ததைச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. "டக்ளஸ், நான் பிடிக்காம வரலை" என்றேன். பிறகு, என் கணவரிடம்கூடச் சொல்லாததை, ஒரு பல் டாக்டரிடமும் தவராசா அண்ணனிடமும், தாமதமாக வருபவர்கள் உட்காரும் பெஞ்சில் இருந்தபடி சொன்னேன்.

டக்ளஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், "என் மனைவி அங்கேதான் இருக்கா. இப்படி ஒரு இடத்துல. ஒன்றரை வருஷமாச்சு" என்றார். "தினமும் காலையில போயிடுவேன். மத்தியானச் சாப்பாடு நான்தான் ஊட்டணும். புதன்கிழமை மட்டும் என் மகள் வருவா, எனக்கு லீவு. வாரத்துல மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துக்குத்தான் இங்கே வர்றேன், வசந்தி. திரை விலகினா, அதே சாப்பாட்டு அறை. அதே பிளாஸ்டிக் மேசைவிரிப்பு."

இரண்டு வாரமாக அவரைப் புதுமை பிடிக்காத கிழவர் என்று நான் என் ஊழியர்களிடம் கேலி பேசியிருந்தேன். முன்கூடத்துச் சுவரில் ஒரு சின்னத் திரை, உங்களுக்குத் தெரியும், வெளியே மாட்டிக்கொண்டவர்கள் மேடையைப் பார்ப்பதற்காக. மூன்று பேரும் அதில் மிச்சத்தைப் பார்த்தோம். முடிந்ததும் உள்ளே பெரிய ஆரவாரம் எழுந்தது. கதவுக்கு வெளியே நின்றால் வாழ்த்துகிறார்களா திட்டுகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தவராசா அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டும்தான்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் இங்க்ரிட்டைத் தேடிப் போனேன். "நான் முழுசாப் பார்க்கலை. பாதியில ஓடிட்டேன்" என்றேன்.

"எதுவரைக்கும் பார்த்தீங்க?"

"ரெண்டாவது டீ வரைக்கும்."

அவர் முகம் இறுகியது. "அது அதிகமாயிடுச்சு, இல்லையா? நானாக் கற்பனை பண்ணினது. நிஜத்துல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு உதவி இயக்குநர் சொன்னார். எடுத்துடலாமான்னு தினமும் யோசிக்கிறேன்."

"செய்வாங்க" என்றேன். "எடுக்காதீங்க. ஆனா கப்போட காதை அவங்க கைப் பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. தினமும் டீ வைக்கறவங்க யோசிக்காமலே அதைச் செய்வாங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை சொன்னதால் கொஞ்சம் சுலபமாக இருந்தது. இங்க்ரிட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத, அநாகரிகமான சிரிப்பு. இங்க்ரிட் அதுவரை எந்த முதியோர் இல்லத்துக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. எல்லாம் புகைப்படங்களைப் பார்த்துச் செய்தது. போக பயமாக இருந்ததாம்.

நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியைப் பார்க்காத டக்ளஸ், எதையுமே பார்க்காத நான், இல்லத்தைப் பார்க்காத இயக்குநர். மூன்று பேரும் சேர்ந்து நாளிதழில் கடிதம் வரும் அளவுக்கு ஒரு கலைச் சண்டையை நடத்தியிருக்கிறோம்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இரண்டு விஷயம். உங்கள் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்டால், முதலில் அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமாதானத்துக்காக உருவாக்கிக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பாதியில் எழுந்து போகிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று அட்டையில் நான் எழுதியது சரிதான். ஆனால் காரணம் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது. அதை அட்டையில் சேர்க்க வேண்டும் என்று ஓய்வு பெறும் வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் சேர்த்துவிடுங்கள்.

மறுநாள் வியாழக்கிழமை, டக்ளஸ் சம்மதித்ததன் பேரில், இங்க்ரிட்டை அவர் மனைவி இருக்கும் இல்லத்துக்குக் கூட்டிப் போனேன். "படம் எடுக்கக் கூடாது, குறிப்பு எழுதக் கூடாது" என்று டக்ளஸ் நிபந்தனை போட்டிருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததும் இங்க்ரிட்டோடு கைகுலுக்கினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்தார்கள். நான் நடுவே வானிலை பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். மெல்பர்னில் அதற்கு மட்டும் பஞ்சம் வராது.

டக்ளஸின் மனைவி மார்கரெட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சீவிய வெள்ளைத் தலை. என்னை யாரென்று தெரியவில்லை என்றாலும் வரவேற்றார். டக்ளஸைப் பார்த்ததும் முதல் கேள்வி, "நேத்து ஓபரா எப்படி இருந்தது?" என்பதுதான். ஒவ்வொரு வியாழனும் கேட்பாராம். அந்த ஓபராவை இருவரும் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"பாட்டெல்லாம் ரொம்ப நல்லா இருந்தது" என்றார் டக்ளஸ்.

"கடைசியில என்ன உடை போட்டிருந்தா?"

நேற்று மேடையில் நாயகி போட்டிருந்தது சாயம் போன ஒரு பருத்தி நைட்டி, மேலே பழைய கம்பளிச் சட்டை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இங்க்ரிட் உடை வடிவமைப்பாளரோடு ஒரு மாதம் சண்டை போட்டிருந்தார். அரங்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது.

டக்ளஸ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சிவப்புப் பட்டு" என்றார். "தரை வரைக்கும் புரளுது. சரவிளக்குக்குக் கீழே வந்து நின்னா பாரு."

சொல்லிவிட்டு, முதல்முறையாக, நிமிர்ந்து இங்க்ரிட்டின் முகத்தைப் பார்த்தார். இங்க்ரிட்டுக்குப் பொய் சொல்ல வராது என்பதை நான் பொது மேலாளர் அறையிலேயே பார்த்திருந்தேன்.

மார்கரெட்டும் அவர் பக்கம் திரும்பினார். "நீயும் பார்த்தியாம்மா? கை நீளமா, குட்டையா?"

இங்க்ரிட் கொஞ்சம் யோசித்தார். தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "நீளக் கை. இதோ, இது வரைக்கும். சின்னச் சின்ன முத்துப் பொத்தான், வரிசையா."

"அதுதான் சரி" என்றார் மார்கரெட். டக்ளஸ் எழுந்து, பக்கத்து மேசையிலிருந்து இங்க்ரிட்டுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.